ஜோடித் துகள்

மெசான் என்னும் நுண்துகளின் எடையைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. ஒவ்வொரு மெசானுக்குள்ளும் அதைவிடச் சிறிய துகள்கள் இரண்டு ஜோடியாக இருக்கும்.

“ஜோடியைப் பிரிச்சு, தனித்தனியா எடை போட்டுக் கூட்ட வேண்டியதுதானே? இதுக்கு வருஷக்கணக்குல கணக்கா?” என்று கணவர் கேலி செய்வார்.

“பிரிக்க முடியாதுங்க. ஒண்ணை இழுத்தா, அந்த இடத்துல புதுசா இன்னொண்ணு வந்து ஒட்டிக்கும்.”

“அடேயப்பா! அப்போ நான் போனாலும் உனக்குத் துணைக்குப் பஞ்சமில்ல.”

“முதல்ல வாயைக் கழுவுங்க.”

மாரடைப்பு அவரைக் கொண்டுபோன அடுத்த மாதம், அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். “துரும்பா இளைச்சுட்டீங்களே அண்ணி” என்று நாத்தனார் அழுதது நினைவுக்கு வர, குளியலறையிலிருந்த எடை மெஷினில் ஏறி நின்றாள். எப்போதும் ஐம்பத்தைந்து காட்டுவது, தொண்ணூற்றாறு காட்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்று இறங்கினாள். எண் பூஜ்ஜியத்துக்கு வரவில்லை. நாற்பத்தொன்றில் நின்றது.

“என்னங்க, நீங்களா?”

கேட்ட பிறகுதான், அவர் எழுபது கிலோவுக்குக் குறைந்ததே இல்லை என்பது உறைத்தது.

யாரோ இறங்குவதுபோல, மெஷின் அவள் பக்கமாக லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எண் பூஜ்ஜியமானது.