பப்பாளி தராத கடை

வேகத்தடை வந்ததும் அவன் ஸ்கூட்டரை ஏறக்குறைய நிறுத்தினான்.

முன்சக்கரம் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. பிறகு பின்சக்கரம். சாமி பல்லக்கைத் தோளில் வைத்திருப்பவனின் கவனம்.

பின்னால் வந்த டவுன் பஸ் அலறியது.

பின்னிருக்கையில் இருந்த அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

ஆஸ்பத்திரியில் கருவை உள்ளே வைத்த பிறகு, ஊசிக்காகப் போய் வந்த நாளெல்லாம் இவன் இப்படித்தான் ஓட்டினான். அப்புறம் ஒருநாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒட்டவில்லை என்றார்கள்.

அது அவனுக்கும் தெரியும். அவன் கைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க, இத்தனை பதனம் எதுக்குங்க? உள்ளதான் ஆளில்லையே."

சொன்ன பிறகுதான் பயந்தாள். வீட்டில் இருவருமே இதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒன்று அது.

அவன் முதுகு விறைத்தது.

பிறகு குலுங்க ஆரம்பித்தது.

சிரிக்கிறான்!

அடுத்த வேகத்தடையை அவன் மதிக்கவே இல்லை. அவள் ஒரு சாண் மேலே பறந்து, மறுபடி இருக்கையிலேயே விழுந்தாள். திருவிழா ராட்டினத்தில் ஏறியவள் மாதிரி கத்தினாள். சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எவ்வளவு நாளாயிற்று இப்படிக் கத்தி!

டாக்டரம்மா இன்று மூன்று வழி சொல்லியிருந்தார். அவளுடைய கருமுட்டையிலேயே இன்னொரு முறை முயலலாம், வாய்ப்பு கொஞ்சம்தான். வேறொரு பெண் தானமாகத் தரும் முட்டையை எடுத்துக்கொள்ளலாம், வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இல்லை, இத்தோடு போதும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

"அவ சொல்றதுதானுங்க," என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அவன் எழுந்துவிட்டான்.

அவள்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த இரண்டாவது வழிதான் இடறியது. வேறொருத்தியின் முட்டை. பிறப்பது தன்னை அம்மா என்று கூப்பிடும், சரி. திரும்பிப் பார்க்கத் தனக்குத் தோன்றுமா?

மேட்டுக்கடை திருப்பத்தில் தள்ளுவண்டி நிறையப் பப்பாளி. ஒன்றை இரண்டாகப் பிளந்து முன்னால் வைத்திருந்தார்கள். செக்கச்செவேலென்று.

கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவளுக்குப் பப்பாளி கிடையாது. சூடு, ஆகாது, தங்காது. வராத பிள்ளைக்காக எத்தனை வருடப் பத்தியம்!

"நிறுத்துங்க. எனக்கு இப்பப் பப்பாளி வேணும்."

அவன் ஓரங்கட்டினான். பழக்க தோஷத்தில் கையை நீட்டினான். பழக்க தோஷத்தில் அவள் அதைப் பிடித்தாள். இன்னொரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, மெல்ல இறங்கினாள்.

கடைக்காரம்மாளின் கத்தி பாதி வெட்டில் நின்றது.

"பப்பாளியா? உனக்குத் தரமாட்டேன் போ, அம்மிணி."

"ஏனுங்க்கா?"

"ஏனா? தம்பி கையப் புடிச்சு எறக்குன அழகத்தான் பாத்தனே! மாசமா இருக்கறவளுக்குப் பப்பாளி குடுத்துட்டு அந்தப் பாவத்த நான் எங்க போய்க் கழுவறது? ஏந்தம்பி, அவ கேட்டா நீ வண்டிய நிறுத்தீருவியா? உனக்காச்சும் புத்தி வேண்டாம்?"

அவன் வாயைத் திறந்தான்.

அவள் அவன் கையை அழுத்தினாள்.

வாய் மூடிக்கொண்டது.

கடைக்காரம்மாள் பப்பாளியின் மேல் சாக்கை இழுத்துப் போட்டாள், கண்ணில் படவே கூடாது என்பதுபோல. ஒரு மாங்காயை எடுத்துக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் அடைத்துக் கொடுத்தாள்.

"வாய்க்கு வேணும்னா இதத் தின்னு. புள்ளையத் தூக்கிட்டு வா, இருக்கறதுலயே பெரிய பழமாத் தாரேன்."

எத்தனையாவது மாதம் என்று கேட்கவில்லை. முட்டை யாருடையது என்று கேட்கவில்லை. வயிற்றில் இருந்த கையைப் பார்த்தாள். கடைக்காரம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

"வாரேனுங்க்கா," என்றாள் இவள்.

தன் குரலா அது?

வண்டியில் ஏறிக் கிளம்பினார்கள். பிறகு அவன் முதுகு மறுபடி குலுங்கியது. அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். மிளகாய்ப்பொடிதான் காரணம் என்று அவன் சொன்னான். அவன் இன்னும் ஒரு துண்டுகூடத் தின்றிருக்கவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு துண்டை அவன் வாயில் ஊட்டினாள்.

தூரத்தில், வெள்ளைக்கோடு போட்ட அடுத்த வேகத்தடை.

அவன் முறுக்கினான். வண்டி உறுமியது. கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கண்சிமிட்டினான். பறக்கலாமா?

அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

"வேண்டாங்க. பதனமாவே போங்க. பழகிக்கோணுமில்ல?"

கண்ணாடியில் அவன் கண்கள் அப்படியே நின்றன.

முன்சக்கரம் மெல்ல ஏறியது.

மெல்ல இறங்கியது.

பின்னால் ஒரு லாரி அலறியது.

அலறட்டும்.