சரி பண்ணிடாதீங்கோ, பாய்

"இதைச் சரி பண்ணிடாதீங்கோ, பாய்."

அப்துல் சமத் காதைத் தேய்த்துக்கொண்டார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ரேடியோ, டேப் ரெக்கார்டர், வீடியோ கேம் ரிப்பேர் என்று கடை போட்ட நாளிலிருந்து, சரி பண்ணச் சொல்லித்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பண்ணாதே என்று கெஞ்ச வந்த முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

காமாக்ஷி கண்ணாடி மேஜைமேல் வைத்தது ஒரு கையடக்க வீடியோ கேம். பர்மா பஜார் சரக்கு. ஜப்பான் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே காப்பியடித்திருந்தார்கள். முதுகில் ஒரு கேசட் சொருகியிருந்தது. உள்ளே தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆட்டம் இருப்பதாக அதன் லேபிள் சத்தியம் செய்தது. இருப்பது என்னவோ ஒரு டஜன்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும் என்பது சமத்துக்குத் தெரியும்.

"இன்னாம்மா இது? ரிப்பேர் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்கும்மா நான் கட வச்சிக்கினு கீறேன்?"

"ஆத்துல பரீட்சை, பாய். வர ஞாயித்துக்கிழமை. இதுக்காகக் கேபிள் கனெக்ஷனைக்கூட எடுத்தாச்சு. ஆனா இந்தச் சனியனைக் கையில எடுத்தா சாப்பாடு, தூக்கம் ஒண்ணும் கிடையாது. புஸ்தகம் விரிச்சது விரிச்சபடி கிடக்கும். பகவான் புண்ணியத்துல நேத்திக்கு தானா நின்னு போச்சு."

சமத்தின் பார்வை பக்கத்தில் நின்ற பெண்மேல் போயிற்று. காமாக்ஷியின் மகள் வர்ஷினி. ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற வயது.

காமாக்ஷி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன தடவையே இதனாலதான் கோட்டை விட்டாச்சு. கூட இருந்தவா எல்லாம் மேல போயாச்சு, நாங்க மட்டும் இருந்த இடத்துலயே இருக்கோம். இந்தத் தடவையும் போச்சுன்னா நாலு பேர் முகத்துல முழிக்க முடியாது."

ஃபெயிலா? லட்சணமான பெண், பார்த்தால் புத்திசாலியாகத் தெரிகிறது. இதுவா ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது? அவர் வீட்டிலும் நாஸியா என்று ஒரு மகள் இருக்கிறாள். அதனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாப்பா, சொல்றேன்னு கோச்சுக்காத. எங்க நாஸியா கரண்ட் போனாக்கூட மெழுகுவத்தி வச்சிக்கினு படிக்கும். உங்க அப்பா அம்மா வாயக் கட்டி வயித்தக் கட்டி படிக்க வைக்கறாங்க, நீ இன்னாடான்னா பட்டனத் தட்டிக்கினு கீற. வெக்கமா இல்ல?"

காமாக்ஷி பதறிப்போய் வாயைத் திறந்தாள். வர்ஷினி அம்மாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இனிமே ஒழுங்கா இருக்கேன், அங்கிள்," என்றாள், தலையைக் குனிந்தபடி.

பரவாயில்லை, சொன்னால் கேட்கிற பிள்ளை. சமத்துக்கு மனசு இளகிவிட்டது.

"சரிம்மா. யார் வந்து கேட்டாலும் சிங்கப்பூர்லேர்ந்து பார்ட்ஸ் வரணும்னு சொல்லிடறேன். பரீட்சை முடிஞ்சப்பறம் வாங்க."

"எங்காத்துக்காரர் வந்தாலும் வருவார், பாய். அவர்கிட்டயும் அப்படியே சொல்லிடுங்கோ."

அவர்கள் போனதும் சமத் அதைத் திறந்து பார்த்தார். பாட்டரி ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டு ஈயம் வைத்தால் குதிரை மாதிரி ஓடும். கை பரபரத்தது. சரி செய்யத் தெரிந்த பொருளைத் தெரியாது என்று அவர் இதுவரை சொன்னதில்லை. போகட்டும், ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்காகப் பொய் சொன்னால் அல்லாஹ் மன்னிப்பான் என்று மூடி வைத்தார்.

மறுநாள் சாயங்காலமே கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"பாய், நேத்திக்கு எங்காத்துலேர்ந்து ஒரு வீடியோ கேம் குடுத்தாளே, ரெடியா? நான் பத்ரிநாராயணன். பாங்க்ல இருக்கேன்."

"பார்ட்ஸ் இல்ல சார். சிங்கப்பூர்லேர்ந்து வரணும்."

பத்ரிநாராயணனின் முகம் தொங்கிப்போயிற்று. "சிங்கப்பூரா? கேசட்டைக் கழட்டி ஊதிப் பாத்தேளா?"

"ஊதியாச்சு."

"குழந்தை ஏங்கிப் போயிடுவா, பாய். கோட்டைக்குள்ள போயாச்சு, இன்னும் ஒரே ஒரு ராட்சசன்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்படியாவது..."

சமத்துக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவள் அழாத குறையாகக் கெஞ்சிவிட்டுப் போகிறாள். இந்த மனுஷன் செல்லம் கொடுத்தே குட்டிச்சுவராக்குகிறாரே.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஞாயித்துக்கிழமை பரீட்சைய வச்சிக்கினு யாராவது இதக் கேப்பாங்களா?"

பத்ரிநாராயணன் திருதிருவென்று விழித்தார். "அது... உங்களுக்கு யார் சொன்னா?"

"யார் சொன்னா இன்னா சார்? போன வாட்டியே கோட்ட உட்டாச்சாமே. இந்த வாட்டியாவது உருப்பட வேணாமா?"

பத்ரிநாராயணன் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று சமத்துக்கே சங்கடமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் வந்து நின்றது. வர்ஷினி. மிதித்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. சமத்தின் பக்கம் திரும்பாமல் நேரே அப்பாவிடம் போனாள்.

"பாங்க் விட்டா நீ நேரா இங்கதான் வருவேன்னு அம்மா அப்பவே சொன்னா. உன் மானம் போகக் கூடாதேன்னு நேத்திக்கு பாய் அங்கிள்கிட்ட அத்தனை திட்டையும் நான் வாங்கிண்டேன். கிளம்புப்பா, ஞாயித்துக்கிழமை ஆபீசர் பரீட்சை உனக்கு, எனக்கில்லை."