பாறைக்குள் மூன்றாம் ஓலை

"குனிஞ்சி வாமே, தலையில இடிச்சிக்கப் போற!" என்று அருள்நாதன் திரும்பிக் கத்தியபோது, பாறையில் இடித்துக்கொண்டது அவன் தலைதான்.

டோரதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தால் நகர முடியவில்லை. நகராவிட்டால் கீழிருந்து அலை எழும்பி இடுப்புவரை நனைத்தது.

திருவொற்றியூர் கரையைக் கடல் அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவு அது. மேலே நடப்பவர்களுக்கு வெறும் கல் குவியல். உள்ளே நுழைந்தால் குகைக்குள் குகை.

ஒரு பாறை, படுத்துக் கிடக்கும் எருமை. இன்னொன்று, மூக்கிலிருந்து தாடைவரை அப்படியே மாதா கோயில் உபதேசியார். அவருக்கு இருவரும் கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அடுத்த சந்து இன்னும் குறுகல். மொபைல் வெளிச்சத்தில் பாசி மின்னியது. நண்டுகள் விலகி வழிவிட்டன. முடிவில் இருவர் உட்காரும் அளவுக்கு ஓர் அறை. அடியில் அலை மோதும்போதெல்லாம் அறையே வயிறு குலுங்கச் சிரித்தது.

"வூட்ல இன்னா சொல்லிக்கினு வந்த?"

"மீனு வாங்கப் போறேன்னு."

"ஞாயித்துக்கிழம பூசைய வுட்டுட்டா? கிழிஞ்சுது!"

டோரதி மறுபடி சிரித்தாள். பாதியில் நின்றுவிட்டது.

இந்நேரம் ராயபுரம் கோயிலில் அவர்களுடைய மூன்றாம் ஓலையை வாசிப்பார்கள். இவர்கள் இருவரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஞாயிறாக யாரும் வாய் திறக்கவில்லை. நேற்று ஃப்ரெடிதான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்:

"நாளைக்கு நானே எந்திரிச்சி நிக்கிறேன் பாரு."

அதைக் கோயிலில் உட்கார்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. ஃப்ரெடி வேண்டாமென்றால் இந்தக் கல்யாணம் இல்லை. அருள்நாதனுக்கும் அது தெரியும். காலையிலிருந்து இத்தனை கோமாளித்தனமும் அதனால்தான்.

மொபைல் அதிர்ந்தது. திரையில் ஃப்ரெடி.

அவள் விரல் நகரவில்லை. ஸ்பீக்கரைத் தட்டியது அருள்நாதன்.

"எந்திரிச்சி நின்னேன்." குரல் பாறைகளில் மோதி இரண்டு முறை கேட்டது. "கோயிலே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. ஃபாதர் கண்ணாடியக் கயட்டினாரு."

அருள்நாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"'அல்லாரும் புதன்கிழம கல்யாணத்துக்கு வந்து துண்ணுட்டுத்தான் போணும்'னு சொல்லிட்டுக் குந்திட்டேன். நீ எங்க கீற, அம்மா? ஆயா எங்க, ஆயா எங்கன்னு எம் புள்ளைங்க ரெண்டும் பேஜாரு பண்ணுதுங்க."