சீக்கிரம் முடிந்த ஆபரேஷன்

ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புருஷனை உள்ளே அனுப்பிவிட்டு எவளாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன்.

பக்கத்தில் என் மாமியார் பார்வதியம்மாள் அதற்கு நேர் எதிராக வேண்டிக்கொண்டிருந்தாள். சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளிச் சிவந்த விரல்களால் முந்தானையைப் பிடித்தபடி, மகனைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடச் சொல்லி பழவங்காடிப் பிள்ளையாரை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு விஷயம் தெரியாது. டாக்டர் ஹரிகுமார் முந்தின நாள் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் செல்வகணேஷுக்குக் குடலில் இருந்த கட்டியைப் போன வருஷமே எடுத்தாயிற்று. இப்போது அது ஈரலுக்குப் போயிருக்கிறது. ஈரலில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடலாம், மிச்சம் இருப்பது வளர்ந்துகொள்ளும். ஆனால் அது சாயங்காலம் வரை இழுக்கிற வேலை. வயிற்றைத் திறந்து பார்க்கும்போது வேறு இடத்திலும் பரவியிருந்தால் வெட்டிப் பிரயோஜனமில்லை, அப்படியே மூடிவிடுவோம் என்றார்.

ஆக, சீக்கிரம் கூப்பிட்டால் போச்சு. நேரம் ஆக ஆக நல்லது.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

காலைப் பலகாரத்துக்குக் கேன்டீன் போனவர்கள்கூட இன்னும் திரும்பவில்லை. அதற்குள் ஒலிபெருக்கி மலையாளத்தில் கூப்பிட்டது. செல்வகணேஷின் பைஸ்டாண்டர் தியேட்டர் வாசலுக்கு வரவேண்டுமாம். நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு இங்கே அதுதான் பெயர்.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மாமியார் எழுந்தே விட்டாள். முகமெல்லாம் பல்.

"பாத்தியாட்டி, அதுக்குள்ள முடிஞ்சிட்டு. சின்னதாத்தான் இருந்திருக்கும், கேட்டியா."

கட்டிக்கொடுத்த தன் மகள் சுஜாவுக்குப் போன் போட்டு, பழவங்காடியில் உடனே தேங்காய் உடைத்துவிடச் சொன்னாள். பையிலிருந்து வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியை எடுத்து எதிர் நாற்காலிப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண்ணின் அப்பா எங்களுக்கு முந்தியே உள்ளே போனவர், இன்னும் கூப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

பிறகு மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டாள். தட்டைப் பார்க்கத் தானே போவதாகச் சொன்னாள்.

வெட்டி எடுத்ததை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து வீட்டுக்காரர்களிடம் காட்டுவது இந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். போன தடவை குடல் துண்டைக் காட்டியபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள்தான் குனிந்து பார்த்தாள். நர்ஸைத் திருப்பிக் காட்டச் சொல்லியும் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்த நாயை விரட்டுவதுபோல அதை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்தத் தடவை ஒருத்தரைத்தான் விடுவார்கள், கையெழுத்துப் போட்டது நான் என்று சொல்லி அவளை உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

ஹரிகுமார் சார் வெறுங்கையோடு வந்தார்.

ஸ்கேனில் தெரியவில்லை, வயிற்றின் உள்சவ்வு முழுக்க ரவை சிந்தினதுபோலக் கிடக்கிறது என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். ஈரலைத் தொடவே இல்லை. மூடிவிட்டார்கள். தையல் மட்டும் பெரிதாக இருக்கும். மறுபடி கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்றபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் முழிப்பார், முழித்ததும் கேட்பார், என்ன சொல்வதென்று வீட்டில் கலந்து பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

யாரோடு கலந்து பேச? வீட்டில் மிச்சம் இருப்பவள் வெளியே பழம்பொரி விநியோகம் செய்துகொண்டிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் கம்பி கட்டுகிறவர். விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை. இது முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் உள்ளே போனார். ஒன்றையும் எடுக்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே மனசு விட்டுவிடுவார். அவரிடம் சொல்லக் கூடாது. அப்படியென்றால் அவருடைய அம்மாவிடமும் சொல்லக் கூடாது. அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"எடுத்தாச்சு அத்த. சின்னதுதானாம். ஒடனே டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க, அதான் தட்டு காட்டல. டாக்டருக்கே ரொம்ப சந்தோஷம்."

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

கால் கிலோ வெண்டைக்காய் வாங்க ஊர்ப்பட்ட கேள்வி கேட்கிறவள், ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிளாஸ்கைத் திறந்து சாயா ஊற்றி என் கையில் தந்தாள். கிழவி நம்பிவிட்டாள் என்று எனக்கு உயிர் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சாயாவோடு சேர்த்து விழுங்கினேன்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். செல்வகணேஷ் கண் முழித்துவிட்டார், பைஸ்டாண்டர் உள்ளே வரலாம் என்றாள்.

எழுந்தேன். மாமியார் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"அவன்ட்ட சொல்லும்போது இம்புட்டு வேமா சொல்லாதட்டி. கண்டுபிடிச்சிருவான்."