முதலில் கேட்டவர்

“காலையில பதினெட்டாயிரம், சாயந்திரம் இருபத்திரண்டாயிரம். இதைச் சொல்ல உங்களுக்கு வாய் கூசலையாம்மா?”

மாடி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே வக்கீல் ஆரம்பித்துவிட்டார். தையல்காரம்மா நாற்காலி மேல் கிடந்த ரவிக்கைத் துணிகளை அள்ளி இடம் பண்ணிக் கொடுத்ததைப் பார்த்தும் பார்க்காதவர் போல நின்றார். அவருடைய மனைவி மட்டும் ஓரத்து ஸ்டூலில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

உள் அறையில் கிடந்தது அந்தக் கட்டில். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் நிமிரும் ஆஸ்பத்திரிக் கட்டில். தையல்காரம்மாவின் கணவர் இரண்டு வருஷம் அதில்தான் படுத்திருந்தார். அவர் போன பிறகு அது அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. மேஜை போட வழியில்லாமல் அவள் தரையில் குனிந்துதான் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாயிரம் என்று ஆன்லைனில் விளம்பரம் போட்டு எட்டு மாதம். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இன்று காலை திடீரென்று அரை மணி நேரத்துக்குள் ஆறு பேர் செய்தி அனுப்பினார்கள். ஒருவர் பன்னிரண்டு என்றார், அடுத்தவர் பதினொன்று என்றார், இன்னொருவர் ஒன்பதுக்கு மேல் போகாது என்றார். கட்டில் எந்த நிலையில் இருக்கிறது, வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாவம், அவ்வளவு அவசரம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏழாவதாகத்தான் வக்கீல் ஃபோன் செய்தார். பதினாலு தருகிறேன், இதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கீழே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, ஏழு பேர் மோதுகிற பொருளுக்கு விலை ஏற்றாத ஆள் பிழைக்கத் தெரியாத ஆள் என்று சொல்லிச் சிரித்தார். அவளும் துணிந்து பதினெட்டை அழித்துவிட்டு இருபத்திரண்டு போட்டாள்.

அதற்குத்தான் இப்போது வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் உள்ளே போய் மெத்தையை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு விலையை ஊரறியப் போட்டால் அது கொடுத்த வாக்கு மாதிரி என்றார். ஆள் சேர்ந்ததும் ஏற்றுவதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, வழிப்பறி என்றார். இந்த மாதிரி ஜனங்கள் கையில் ஃபோன் கிடைத்ததே தப்பு என்று மனைவியிடம் சொல்வது போல இவளுக்குச் சொன்னார்.

“நாளைக்கு எங்கம்மாவை டிஸ்சார்ஜ் பண்றாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கிற மனுஷி. நோயாளி வீட்டுல சுரண்டித் தின்னு நீங்க என்ன கோட்டையா கட்டப் போறீங்க?”

தையல்காரம்மாவின் முகம் சுருங்கிப்போனது. கணவரை வைத்துக்கொண்டு அலைந்த நாளில், இதே கட்டிலைக் கொடுத்தவன் கடைசி நேரத்தில் இரண்டாயிரம் கூடக் கறந்துகொண்டு போனான். அவனை அன்றைக்கு மனதாரச் சபித்திருக்கிறாள். அவன் செய்த வேலையைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்று தோன்றியதும் அவளுக்கு உடம்பே கூசியது.

“தப்புதான் சார். நான் ஏத்தியிருக்கக் கூடாது. என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.”

வழக்கில் ஜெயித்த களை வக்கீலின் முகத்தில் வந்துவிட்டது.

“முதல்ல போட்ட விலைக்கு மேல ஏத்தக் கூடாது. முதல்ல கேட்டவங்க வேணாம்னு சொல்ற வரைக்கும் அடுத்த ஆளைப் பார்க்கக் கூடாது. இதாம்மா நியாயம்.”

அவள் தலையாட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனைக் கையில் எடுத்தாள்.

“அப்படிப் பார்த்தா நீங்க ஏழாவது ஆளு சார். முதல்ல கேட்டவங்களைக் கூப்பிட்டு, பதினெட்டுக்கு வேணுமான்னு கேட்டுடறேன். அவங்க வீட்டுலயும் யாராவது முடியாமத்தானே கிடப்பாங்க.”

வக்கீல் சட்டென்று குறுக்கே வந்தார். அதெல்லாம் சும்மா விலை கேட்டுப் பார்க்கிற கூட்டம், நேரில் வந்து நிற்கிறவனை விட்டுவிட்டு அவர்களைப் போய்க் கூப்பிடுவானேன் என்றார். பதினெட்டையே தான் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு, இருபத்திரண்டு என்றாலும் பரவாயில்லை என்றார். பர்ஸைக்கூட வெளியே எடுத்துவிட்டார்.

“வேண்டாம் சார். நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே” என்றபடி அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

வக்கீல் மனைவியின் மடியில் கைப்பை அதிர்ந்து மணியடித்தது.

தையல்காரம்மா காதிலிருந்து ஃபோனை இறக்கினாள். அழைப்பை நிறுத்தினாள். கைப்பையின் மணியும் நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அடித்தது.

வக்கீலின் மனைவி வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போலக் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“முதல் ஆளு நான்தான்க்கா. மத்த அஞ்சு பேரும் கட்டிலைத் தூக்கறதுக்குக் கீழ கார்ல உக்காந்திருக்காங்க.”