வசனத்துக்கு விட்ட இடம்

“சார், இந்த இடத்துல எழுபது பேரும் வாசிக்காம சும்மா உக்காந்திருக்கணுமா? முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு ஜனங்க கைதட்டிருவாங்க!” ஒத்திகையை நிறுத்திவிட்டுக் கேட்டார் இசைக்குழுவின் நடத்துநர்.

தன்னுடைய பழைய படத்தின் பின்னணி இசையை மேடைக் கச்சேரிக்காக மாற்றி எழுதியிருந்த இசையமைப்பாளர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது கதாநாயகி பேசற இடம், தம்பி. வசனத்துக்காக அப்பவே விட்ட இடைவெளி.”

“படத்துல சரி. இங்க யாரு சார் பேசப்போறா?”

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

வயசானாலே பிடிவாதம்தான் என்று மனசுக்குள் அலுத்துக்கொண்ட நடத்துநர், விடாமல் நச்சரித்து அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழலை நுழைத்தே விட்டார். இசையமைப்பாளர் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை.

கச்சேரி அமர்க்களப்பட்டது. புல்லாங்குழலுக்கு அரங்கமே சொக்கிப்போனது. பெருமை பிடிபடாமல் மேடையிலிருந்து இறங்கி வந்த நடத்துநர், முன்வரிசையில் இருந்த இசையமைப்பாளரின் மனைவியிடம் குனிந்தார்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

அவர் சிரித்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

“தப்பா நெனக்காதீங்க, தம்பி. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் இவளுக்குக் குரல் இல்லை,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர். “அந்தக் கதாநாயகிக்கு டப்பிங் பேசினது இவதான்.”

நடத்துநருக்கு முகம் செத்துப்போனது. “சார்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“பரிதாபப்பட்டா இவளுக்குப் பிடிக்காது. அதான் சொல்லலை.” மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த இடம் வந்ததும் வாயசைச்சு வசனத்தை ஆரம்பிச்சா, தம்பி. புல்லாங்குழல் கேட்டதும் வாயை மூடிக்கிட்டா.”