மாடிப்படியில் இருவர்

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

படியின் உச்சியில் சூசைமிக்கேல். அடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், அவர் மனைவி லூர்தம்மாள். நடுவில் பதினாறு படிகள்.

இருவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர, எதிர்வீட்டுச் சுவரில் முதுகு ஒட்டும்வரை அவள் பின்னால் போக வேண்டியிருந்தது. ஊரடங்கில் தெரு அவ்வளவு அமைதி. அங்கிருந்தே அவர்கள் பேசுவது கேட்டது.

கல்யாணங்களும் அங்கே படமெடுக்கும் பிழைப்பும் நின்றுபோன பிறகு அவளாகத் தொடங்கிய வேலை இது. தூத்துக்குடித் தெருக்களில், விலகி நின்று பேசிக்கொள்கிறவர்களை இரண்டிரண்டு பேராகப் படம் எடுப்பது. எதிரெதிர் பால்கனியில் நின்று செபமாலை சொல்லும் அக்கா தங்கை. கயிற்றில் இறங்கிவரும் பையைப் பிடித்துக்கொண்டு மாடிக்காரம்மாவிடம் நலம் விசாரிக்கும் பால்காரர்.

கல்யாண வீடுகளில் நெருங்கி நிற்கச் சொல்லியே பழகிய வாய். இப்போது யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

சூசைமிக்கேல் முப்பத்திரண்டு வருடம் கப்பலில் இருந்தவர். வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு. வந்தால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஓய்வு பெற்ற பிறகோ, பகலெல்லாம் கடற்கரையில் கூட்டாளிகளோடு. வீட்டுக்குச் சாப்பிட வருவார். படுக்க வருவார்.

தொற்று வந்து மொட்டைமாடி அறையில் தனியாக இருக்க நேர்ந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்ததாம். சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, தட்டு காலியாகட்டும் என்று லூர்தம்மாள் கீழே காத்து நின்றார். சும்மா நிற்கிறாளே என்று அவர் ஏதோ கேட்டார். மறுநாள் லூர்தம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

இன்று பேச்சு பழைய காலத்துக்குப் போயிருந்தது.

கல்யாணமான இருபதாம் நாள். கப்பலேறுவதற்காக அவர் பம்பாய்க்குப் புறப்பட்ட நாள். ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள், நீதான் வரவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. நினைவு வந்தது, சொன்னார்.

லூர்தம்மாள் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

“ரயில்வே கேட்டுல நின்னேன். ஒங்கம்மாவுக்குத் தெரியாம ஓடி வந்து நின்னேன். நீங்க அந்தப் பக்க ஜன்னல்ல இருந்திருப்பீக.”

சூசைமிக்கேல் எழுந்தார்.

ஒரு படி இறங்கினார். இன்னொரு படி.

பிறகுதான் உறைத்தது போலும். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். மெல்லத் திரும்ப ஏறி, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

அந்த இரண்டாவது படியில் அவள் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

பின்னாளில் கண்காட்சியில் நிறையப் பேர் அந்தப் படத்தின் முன் நின்றார்கள். அவர் இறங்குகிறாரா, ஏறுகிறாரா என்று கேட்டார்கள். அவளுக்கோ, குரல்களைப் படம் பிடிக்க முடியாமல் போயிற்றே என்றிருந்தது.

அன்று, படம் அனுப்ப போன் நம்பர் வாங்கிக்கொள்ள வாசலுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. லூர்தம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இன்றோடு பதினான்கு நாள் முடிகிறது, நாளைக் காலையில் அவர் கீழே வரலாம் என்று நர்சம்மா போனில் சொல்லிவிட்டாராம். கடற்கரைக்குக் கூட்டாளிகளும் ஒவ்வொருவராய் வர ஆரம்பித்திருக்கிறார்களாம்.

சொல்லிவிட்டுப் படியருகே போனார். பிறகு மேலே பார்த்து, இருமல் முழுசாக விட்டதா என்று கேட்டார்.

அவள் வந்து இரண்டு மணி நேரமாகிறது. அவர் ஒருமுறைகூட இருமவில்லை.

“கொஞ்சம் இருக்கு,” என்றார் சூசைமிக்கேல். “இன்னும் ரெண்டு நாள் போகட்டும்.”

லூர்தம்மாள் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார்.